காலாங் பழைய விமான நிலையம்: ஆள் புழங்கியதால் நின்ற கட்டடம்

எங்கள் வீட்டில் அதை யாரும் விமான நிலையம் என்று சொன்னதில்லை. அப்பாவுக்கு அது ‘பி.ஏ. ஆபீஸ்’. 1980களில் எங்கள் பேட்டைச் சமூக நிலையத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவில் அவர் தொண்டூழியராக இருந்தார். பொங்கல் நிகழ்ச்சிக்குப் படிவம் கொடுக்க, கூட்டத்தில் உட்கார என்று அவ்வப்போது சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்தில் இருந்த, சமூக நிலையங்களை நடத்தும் அமைப்பான மக்கள் கழகத்தின் (பி.ஏ.) தலைமையகத்துக்குப் போவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கட்டடத்தின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று உருண்டையாக நிற்கும்.

“அது என்னப்பா?”

“அங்கேருந்துதான் பிளேன் வர்றதப் பாப்பாங்க.”

“பிளேன் எங்கே?”

“அது பாய லேபாருக்குப் போயிட்டுது. அப்புறம் சாங்கிக்கு.”

விமானம் போன இடத்தில் வகுப்பும் கூட்டமும் நடந்தது அந்த வயதில் எனக்கு விந்தையாகப் படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய கான்கிரீட் கட்டடங்களின் பழுதுபார்ப்பில், தள வழக்கில் சொன்னால் ஆர்டிஓ-வாக (தளத்திலேயே இருந்து வேலையை மேற்பார்வையிடும் தொழில்நுட்ப அதிகாரியாக), வேலை செய்த பிறகுதான் அதன் அருமை புரிகிறது. காலாங் கட்டடத்தில் நான் வேலை பார்த்ததில்லை. பொதுவில் பதிவான வரலாற்றையும், அதே காலத்துக் கட்டடங்களின் சாரத்தில் ஏறி நின்று கற்றதையும் வைத்தே இந்த ஆய்வை எழுதுகிறேன். என் கேள்வி ஒன்றுதான். குண்டுவீச்சுக்கு ஆளான ஒரு வளாகத்தின் நவீனத்துவக் கட்டடம், எந்தப் பெரிய மீட்புத் திட்டமும் இல்லாமல், அரை நூற்றாண்டுக்குப் பொதுமக்கள் வந்துபோகும் இடமாக இருந்தது எப்படி? அதிலிருந்து அடுத்த கட்டத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

கட்டியவர்களின் கணக்கு

காலாங் படுகையின் சதுப்பு நிலத்தை மண் கொட்டி உயர்த்தி அமைத்த விமான நிலையம் அது. 1937 ஜூன் 12ஆம் தேதி ஆளுநர் ஷெண்டன் தாமஸ் திறந்து வைத்தார். அதே மாதத்தில், உலகைச் சுற்றிவரப் புறப்பட்டிருந்த அமெலியா ஏர்ஹார்ட் இங்கே இறங்கினார். அடுத்த மாதம் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே காணாமல் போனார். தரையில் புல்வெளி, பக்கத்தில் கடல் விமானங்கள் நீரிலிருந்து ஏறிவரும் சரிவு. நிலத்து விமானமும் நீரில் இறங்கும் விமானமும் ஒரே இடத்தைப் பயன்படுத்தலாம் என்பதுதான் அந்த இடத்தின் சிறப்பு.

வடிவமைத்தவர் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டாரிங்டன் வார்டு. இதே வார்டின் கையில்தான் 1939இல் பழைய உச்ச நீதிமன்றமும் எழுந்தது. இன்று தேசியக் கலைக்கூடத்தின் பாதியாக இருக்கும் அந்தக் கட்டடத்தில் பெருந்தூண்களும் குவிமாடமும் உண்டு. நீதிக்கு ரோமாபுரி உடை, விமானத்துக்கு வேறு உடை என்று அவர் முடிவு செய்திருக்கிறார். காலாங் முனையத்தில் செதுக்கு வேலை கிடையாது. நடுவில் கண்ணாடிக் கோபுரம், இருபுறமும் சமச்சீராக நீளும் சிறகுகள், கிடைக்கோட்டில் ஓடும் மாடங்கள், வளைந்த முனைகள். விமானத்தைப் பார்க்க வந்தவர்கள் மாடத்தில் நின்று பார்க்கலாம்.

பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த மாடங்கள் முக்கியம். குளிர்சாதனம் பரவலாகாத காலத்தில் வெயிலையும் சாரலையும் சுவருக்கு வெளியிலேயே நிறுத்திய குடைகள் அவை. ஆனால் மெல்லிய கான்கிரீட் பலகை சுவரைத் தாண்டி அந்தரத்தில் நீளும்போது, அதன் ஓரம்தான் முதலில் நனையும், முதலில் வெடிக்கும். அழகும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

பத்து வாரப் போர்

1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில் சிங்கப்பூர்மீது முதல் குண்டுகள் விழுந்தன. காலாங் உடனே போர் விமானத் தளமாகச் செயல்பட்டது. நியூசிலாந்தின் 488ஆவது படைப்பிரிவு உட்படப் பல பிரிவுகள் பஃபலோ விமானங்களோடு இங்கிருந்து கிளம்பின. வேகத்திலும் எண்ணிக்கையிலும் ஜப்பானிய விமானங்களுக்கு அவை ஈடாகவில்லை. ஜனவரி முழுவதும் விமானத்தளம் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் தீவின் வடக்கே இருந்த தெங்கா, செம்பவாங், சிலேத்தார் தளங்கள் மூன்றும் ஜொகூர்க் கரையிலிருந்து சுடும் பீரங்கிகளின் எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டன. கடைசி நாள்களில் விமானம் ஏறி இறங்க மிஞ்சியது காலாங் மட்டுமே. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது.

பிறகு ஜப்பானியர் அதே இடத்தைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் காலத்தில் புல்வெளி ஓடுபாதையாக மாறியது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியபோது பள்ளங்களை நிரப்பி, உடைந்ததை மூடி, பயணிகள் சேவையைத் தொடங்குவதே அவசரமாக இருந்தது. 1947 மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் முதல் வர்த்தக விமானம் இங்கிருந்து கோலாலம்பூருக்குப் பறந்தது. பின்னாளில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸாக வளர்ந்த மரபின் முதல் பக்கம் அது.

போர்க் காயங்களை அடையாளம் வைத்துக் காப்பது என்ற யோசனை அன்று யாருக்கும் வந்திருக்காது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். காயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஊருக்கு நேரமில்லை. ஆனால் இன்று வேலை தொடங்குபவருக்கு ஒரு விளைவு உண்டு. சுவரில் எந்தப் பூச்சு 1937ஐச் சேர்ந்தது, எது போருக்குப் பிந்தையது என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. சாயத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி, கலவையின் நிறத்தையும் மணலின் பருமனையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பழுதுபார்க்கு முன் ஒரு மாதம் இதற்கு ஒதுக்கினால் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியவர்கள் பிறகு ஓர் ஆண்டு இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணையும் மறக்கக்கூடாது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள உலகப் போர் வெடிகுண்டு கிடைத்தது. 4,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, அது இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படியென்றால், விமானத் தளமாகவே இருந்த நிலத்தில் மின்தூக்கிக்குக் குழி தோண்டுமுன் உலோகத் தேடல் நடத்துவது செலவுக் கணக்கின் முதல் வரியில் வர வேண்டும்.

1955க்குப் பிறகு

1955 ஆகஸ்ட்டில் பாய லேபார் திறக்கப்பட்டதும் காலாங் மூடப்பட்டது. பெரிய விமானங்களுக்கு ஓடுபாதை போதவில்லை, நகரமும் நெருங்கிவிட்டது. பெரும்பாலான ஊர்களில் இந்த இடத்தோடு கதை முடிந்திருக்கும். இங்கே நிலம் பல கைகளுக்குப் பிரிந்தது. 1956இல் நிக்கல் நெடுஞ்சாலை வந்தது. ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1973இல் பக்கத்தில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. டகோட்டா கிரசெண்டின் பெயர் இங்கே வந்திறங்கிய டகோட்டா விமானத்திலிருந்து வந்தது என்பது அந்தப் பக்கத்து உணவங்காடியில் சாப்பிட உட்காரும் பலருக்குத் தெரியாது.

முனையக் கட்டடம் 1960இல் தொடங்கப்பட்ட மக்கள் கழகத்தின் தலைமையகமானது. 2009 வரை அப்படியே இருந்தது. விமான நிலையமாக 18 ஆண்டு, மக்கள் கழகமாக ஏறக்குறைய 49 ஆண்டு. கட்டியவர்கள் நினைத்த வேலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான காலம், அவர்கள் நினைத்தே பார்க்காத வேலையைச் செய்திருக்கிறது.

ஏன் பொருந்தியது என்று யோசித்தால் விடை கட்டடத்தின் உடம்பிலேயே இருக்கிறது. விமான நிலையம் என்பது பிறவியிலேயே பொது இடம். முன்பின் தெரியாத கூட்டம் வந்து, காத்திருந்து, வழி தெரிந்து போக வேண்டும். அதனால் நடுக்கூடம் விசாலம், படிக்கட்டு அகலம், வாசல் எங்கே என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. சிறகுகளில் இருந்த அறைகள் அலுவலக அளவு. சுற்றிலும் வெட்டவெளி. சமூக நிலையத் தொண்டூழியர் கூட்டத்துக்குத் தேவையானதும் இவைதான். சுவரை இடிக்கவோ தளத்தை உயர்த்தவோ அவசியம் வரவில்லை. பழைய கட்டடத்துக்குப் புது வேலை தேடும்போது, முதலில் எதை மாற்றலாம் என்று வரைபடம் விரிப்பதுதான் வழக்கம். எதையும் மாற்றாமல் உள்ளே வந்து உட்காரக்கூடியவர் யார் என்று தேடுவது அதைவிட மலிவு, கட்டடத்துக்கும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. தினமும் ஆள் புழங்கும் இடத்தில் ஒழுகல் மறுநாளே தெரிந்துவிடும். மேசைமேல் சொட்டு விழுந்தால் யாராவது தொலைபேசியை எடுப்பார்கள். ஐம்பது ஆண்டுக்கால அலுவலக முணுமுணுப்பை அந்தக் கட்டடத்தின் பராமரிப்புப் பதிவேடு என்றே நான் எண்ணுகிறேன்.

ஆள் போன பிறகு

2008 டிசம்பரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் முனையக் கட்டடத்தையும் அதைச் சேர்ந்த சில கட்டடங்களையும் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. 2009இல் மக்கள் கழகம் கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்கு இடம் மாறியது. பாதுகாப்புத் தகுதி கிடைத்த வேகத்திலேயே காவலிருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். 2011இல் சிங்கப்பூர் பினாலே கலைவிழாவின் ஓர் இடமாக அது திறக்கப்பட்டபோது அப்பாவோடு போனேன். அவர் கலைப்பொருள்களை அதிகம் பார்க்கவில்லை. எந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குக் காட்டிக்கொண்டே நடந்தார். நான் மேலே, மாடங்களின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வெப்பமண்டலத்தில் ஆளில்லாத கான்கிரீட்டுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டும். சிமெண்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்கிறது. அது கம்பி வரை எட்டியதும், ஈரமும் சேர்ந்தால், துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைப் பிளக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1930களின் கட்டடங்களில் கம்பிக்கு மேலிருக்கும் கான்கிரீட் மூடாக்கு இன்றைய விதிகளைவிடப் பெரும்பாலும் மெல்லியது. கடலோரமென்றால் உப்பும் கூட்டாளி.

காலாங்குக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் காலாங் படுகை நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. கடல் விமானங்கள் இறங்கிய உப்புநீர் இன்று நாம் குடிக்கும் நீர். வெளியிலிருந்து வரும் உப்பு குறையும். எழுபது ஆண்டாக உள்ளே சேர்ந்துவிட்ட உப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால் குளோரைடு அளவைச் சோதிக்காமல் பழுதுபார்ப்பு முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சோதனை எளிதுதான். சுத்தியலால் தட்டினால் பிடிப்பு விட்ட இடம் வேறு ஒலி தரும். புதுக்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த கொத்தனார் ஒருவர் சொல்வார்: “சார், நல்ல சுவரு கணீர்னு பேசும். கெட்டது வெறும்பானை மாதிரி பொத்துப்பொத்துன்னும்.” கருவிகள் அளந்து சொன்னதும் அவர் காது சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. துளையிட்ட இடத்தில் காரத்தைக் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்தது நிறம் மாறாது. அந்தக் கோடு கம்பிக்கு முன்னால் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்பதே கட்டடத்தின் ஆயுள் ரேகை.

நான் வேலை செய்த, இதே வயதுடைய வேறொரு கட்டடத்தில் நடந்த தவறைச் சொல்கிறேன். காலியாக இருந்த அதன் வெளிச்சுவருக்கு, பார்க்கப் புதிதாகத் தெரிய வேண்டும் என்று, நீர் புகாத தடித்த சாயம் அடித்தார்கள். மேற்கூரையில் இருந்த வடிகுழாய் இலையால் அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. மேலிருந்து இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் சாயத்துக்குப் பின்னால் தங்கியது. மூன்றாவது மழைக்காலத்தில் மாடத்தின் ஓரம் கையகலத்துக்குப் பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை. அந்தச் சாயத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து மூச்சு விடும் கனிமச் சாயம் தவிர வேறெதற்கும் பழைய சுவரில் நான் ஒப்புதல் தருவதில்லை.

பக்கத்து உதாரணங்கள்

தமிழர்களுக்கு நெருக்கமான ஒன்று கேத்தே கட்டடம். 1939இல் திரையரங்கோடு திறக்கப்பட்டது. 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது அந்த அரங்கத்தில்தான். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கதை எத்தனை தமிழ் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது! 2003இல் அதன் முகப்பு மட்டும் தேசிய நினைவுச் சின்னமானது. பின்னால் இருந்தது இடிக்கப்பட்டுப் புதியது எழுந்தது. முகப்பு அழகாகவே காக்கப்பட்டிருக்கிறது. ஆனால் போஸ் பேசிய அரங்கத்துக்குள் போய் நிற்க யாராலும் முடியாது. 1942இல் சரணடைவு கையெழுத்தான ஃபோர்டு தொழிற்சாலையிலும் முன்பகுதிதான் 2006 முதல் அருங்காட்சியகம், பின்னாலிருந்த தொழிற்கூடம் போய்விட்டது. காலாங் முழு உடம்போடு நிற்கிறது. அதுவே அதன் பெரிய சொத்து.

நம்பிக்கை தருவது வேறிரண்டு. காலாங்குக்குப் பக்கத்திலேயே, 1958ஆம் ஆண்டின் டகோட்டா கிரசெண்ட் குடியிருப்பில் நடுவிலுள்ள ஆறு புளோக்குகளைச் சமூகப் பயன்பாட்டுக்காக வைத்துக்கொள்வதாக 2017இல் அரசு அறிவித்தது. குடியிருந்தவர்களும் ஆர்வலர்களும் விடாமல் பேசியதன் பலன் அது. லெங்கோக் பாருவில் பழைய புக்கிட் மேரா தொழிற்பயிற்சிக் கழகம் 2015இல் ‘எனேபலிங் வில்லேஜ்’ ஆனது. உடற்குறையுள்ளோருக்கான பயிற்சி, பாலர் பள்ளி, பேரங்காடி, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். சக்கர நாற்காலியில் வருபவரும் பால் வாங்க வருபவரும் ஒரே வழியில் நடக்கிறார்கள். பேரங்காடி இருப்பதால்தான் அந்த இடம் சாதாரண நாளிலும் உயிரோடு இருக்கிறது என்பது என் கணிப்பு.

காலாங்குக்கு என்ன செய்யலாம்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காலாங் ரிவர்சைட் திட்டத்துக்குள் இந்தக் கட்டடமும் வருகிறது. சுற்றிலும் வீடுகளும் ஹோட்டல்களும் வரும். முனையத்தின் தரைத்தளமாவது கட்டணமில்லாப் பொது இடமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்குச் சுற்றுச்சூழல் கணக்கும் துணை நிற்கிறது.

உலகின் கரிம வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. இந்தக் கட்டடத்தின் சிமெண்டுக்கான கரிமம் 1937க்கு முன்பே செலவாகிவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டும் ‘பசுமைக் கட்டடம்’ அந்தக் கடனை முதல் நாளே மறுபடி வாங்குகிறது. அதே 2009இல், மக்கள் கழகம் காலாங்கைவிட்டுப் போன ஆண்டில், கட்டட, கட்டுமான ஆணையம் பிராடல் ரோட்டில் தன் பழைய கட்டடம் ஒன்றை மாற்றியமைத்து, ஆண்டு முழுதும் தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் கட்டடமாக்கிக் காட்டியது. பழையதை வைத்துக்கொண்டே அது முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது.

காலாங்கில் சூரியத் தகடுகளை முனையத்தின் மேல் வைக்கக்கூடாது. கோபுரத்தின் கிடைக்கோடு கெடும். விமானக் கொட்டகையின் அகன்ற கூரை அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. நடுக்கூடத்தை முழுவதும் குளிர்விக்க வேண்டாம். மாடங்கள் ஏற்கெனவே நிழல் தருகின்றன. சன்னல்களைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பெரிய விசிறிகளைப் போட்டு, வகுப்பறைகளுக்கு மட்டும் மிதமான குளிர்சாதனம் வைத்தால் போதும். தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடத்தில் விசிறியையும் மிதமான குளிர்ச்சியையும் சேர்த்து இந்த முறையில்தான் மின்செலவைக் குறைத்திருக்கிறார்கள். எஃகுச் சன்னல் சட்டங்களைக் கழற்றிவிட்டுத் தடித்த அலுமினியம் போடுவது இங்கே பெரும் பாவம். மெல்லிய சட்டம்தான் அந்தக் கட்டடத்தின் முகம்.

கடினமானது மின்தூக்கியும் தீயணைப்பு விதிகளும். முதியவர்கள் வராத சமூக இடம் பாதி இடம்தான். மின்தூக்கியைப் பின்புறத்தில், பழைய சட்டகத்தைத் தொடாமல் தனிக் கூண்டாக வைக்கலாம். அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. அவரால் படியேற முடியாத மாடத்தை மீட்டுவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

போர் நினைவுக்கு ஒரு தனி அறை போதாது. பூச்சைப் பிரித்து ஆராயும்போது போருக்குப் பிந்தைய ஒட்டு எங்கேனும் வெளிப்பட்டால், அந்த இடத்தை ஒரு முழ அகலத்துக்கு மூடாமல் விட்டு, பக்கத்தில் நான்கு மொழிகளிலும் எழுதலாம். ஆங்கிலேய விமானிகள் பெயர் ஏற்கெனவே ஏடுகளில் இருக்கிறது. பள்ளம் நிரப்பிய, மண் சுமந்த கூலிகளைப் பற்றியும் அந்தப் பலகையில் ஒரு வரி வேண்டும்.

முழுப் பணி முடியும்வரை பூட்டி வைப்பதுதான் நான் அஞ்சும் ஒன்று. சாரம் ஒரு சிறகில் நிற்கட்டும். மற்றச் சிறகில் சனிக்கிழமை வகுப்பு நடக்கட்டும். வருபவர்களில் யாராவது ஒருவருக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் இறுதிக்குள், மேற்கூரை வடிகுழாய்களைப் பார்த்துவிட்டு வரும் பொறுப்பையும் மாடிச் சாவியையும் கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கையில் அவருடைய பதவிப் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வேன்.